மண்ணை வாசிக்கக் கற்றவர்கள்



யாழ்ப்பாணத்தார் மண்ணை வெட்டத் தெரியாதவர்கள் அல்லர். சுண்ணக்கல்லைப் பிளந்து கிணறு தோண்டியவர்கள். செம்மண்ணைக் கொத்திப் புகையிலை நட்டவர்கள். ஆனால், வெட்டிய மண்ணை வாசிப்பதற்கு ஒரு கல்வி வேண்டும். அந்தக் கல்வி நமது குடாநாட்டில் வேர்கொண்ட வரலாற்றையே இன்றைய உரையில் நோக்குவோம்.

கந்தரோடையின் தொன்மையை 1917ஆம் ஆண்டளவில் உலகறியச் செய்தவர் போல் ஈ. பீரிஸ். அவர் ஒரு சிவில் சேவை அதிகாரி. 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவொன்று அதே இடத்தில் அகழ்ந்து, கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களை உடைய பழைய குடியிருப்பு ஒன்றை வெளிக்கொணர்ந்தது. இவர்கள் செய்த பணி பெரிது. எனினும் அவர்கள் சென்ற பின், வேலையைத் தொடர்வதற்கு இங்கே பயிற்றப்பட்ட ஒரு மாணவர் பரம்பரை இருக்கவில்லை.

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டதும் இந்நிலை மாறத் தொடங்கிற்று. ஆனைக்கோட்டையில், நிலம் நிரப்புவதற்காக மண் அள்ளப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மேட்டிலே பழைய ஓடுகள் தென்பட்டன. பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில், பொ. இரகுபதி முதலானோர் பங்குகொள்ள, 1980, 1981ஆம் ஆண்டுகளில் அங்கு அகழ்வாய்வு நடைபெற்றது. பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதைப்புகள் கிடைத்தன. ஒரு புதைப்பில் சிறிய முத்திரையொன்றும் கிடைத்தது. அதன் மேல் வரியிலே குறியீடுகள். கீழ் வரியிலே பிராமி எழுத்துகள்.

அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டில் இருந்த வரலாறு எரிந்த ஆண்டிலே, மண்ணில் இருந்த வரலாறு கண்திறந்தது.

ஆயினும் மண் தானாகப் பேசிவிடுவதில்லை. நாற்சதுரக் குழியை அளந்து, படைபடையாக மண்ணை நீக்கி, அரிதட்டிலே அரித்து, ஒவ்வொரு ஓட்டுக்கும் இலக்கமிட்டு, குழியின் சுவரை வரைபடமாக்க வேண்டும். எந்தப் படையில் கிடைத்தது என்று குறிக்காத பொருள், முகவரியில்லாத கடிதம் போன்றது. இவற்றையெல்லாம் நூலில் மட்டும் படித்துத் தேற முடியாது. வெயிலிலே குந்தியிருந்துதான் பழக வேண்டும்.

அக்காலத்தில் இத்துறையில் கலாநிதிப் பட்டம் பெறக் கடல்கடந்தே செல்ல வேண்டியிருந்தது. சி. க. சிற்றம்பலம் இலங்கையின் பெருங்கற்காலப் பண்பாட்டை ஆராய்ந்து பூனாவில் பட்டம் பெற்றார். இரகுபதி குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை ஊர் ஊராக ஆராய்ந்து மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார்; அது 1987இல் நூலாக வெளிவந்தது. களம் இங்கே, பட்டம் அங்கே! 1986இல் களனிப் பல்கலைக்கழகத்துடன் இணைந்ததாகத் தொல்லியலுக்கான பட்டப்பின் படிப்பு நிறுவனம் உருவானபோது, நாட்டிலே போர் மூண்டிருந்தது. 1995இல் குடாநாட்டு மக்களே இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். அகழ்வுக் குழிகளை நினைக்க எவருக்கு நேரம்? பதுங்கு குழிகள் வெட்டிய காலம் அது.

இவ்வரலாற்றிலே என் மனத்தை மிகவும் தொட்டது ஒன்றுண்டு. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டுக்கு முன்னர் இலங்கையில் பரவலான தமிழ்க் குடியேற்றங்கள் இருந்தமைக்குப் போதிய சான்றில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். பின்னர் ஆனைக்கோட்டை போன்ற இடங்களிலே கிடைத்த புதிய சான்றுகள் அவரைச் சிந்திக்க வைத்தன. 2005இல் வெளியிட்ட நூலிலே, இலங்கைத் தமிழரின் தோற்றத்தைக் குடியேற்றக் கதையாக அன்றி, இந்த மண்ணிலேயே நிகழ்ந்த நீண்ட வளர்ச்சியாக அவர் விளக்கினார். தம் பழைய முடிவைத் தாமே திருத்திக்கொண்டார்.

நேயர்களே, ஆராய்ச்சிப் பயிற்சி என்பதன் சாரம் இதுவல்லவா? நமக்கு உவப்பான சான்று கிடைத்ததென்று மகிழ்வது எளிது. நாளை நமக்கு உவப்பில்லாத ஓர் ஓடு கிடைத்தால், அதற்கும் அதே கவனத்தோடு இலக்கமிட வேண்டும். கந்தரோடையின் பௌத்தச் சின்னங்களையும் ஆனைக்கோட்டையின் புதைப்புகளையும் ஒரே நேர்மையோடு நோக்கும் மாணவனே இம்மண்ணின் வரலாற்றை எழுதத் தகுதியானவன்.

ஒரு லொறி மண்ணோடு ஓராயிரம் ஆண்டு போய்விடலாம். அதைத் தடுத்து நிறுத்த, சட்டத்திலும் பார்க்க, ஓட்டைக் கண்டால் குனிந்து பார்க்கப் பழகிய ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.