மெட்டு ஒன்று, பாட்டுப் பல

மாயாபந்தர் வாழ் தமிழன்பர்களே! ஜமைக்காத் தீவில் 1985-இல் எழுந்த 'ஸ்லெங் டெங்' என்னும் ஒரே தாள இசையின்மீது பாடகர் பலர் தத்தம் சொற்களை ஏற்றிப் பாடினர். இம்முறை நமக்குப் புதிதன்று, வர்ணமெட்டு என்போம்.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், தில்லை செல்ல விழைந்த நந்தனை ஆண்டையாகிய வேதியர் இழித்துரைக்கும் பாட்டொன்று உண்டு. சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) அதே மெட்டில், சுயராஜ்யம் வேண்டிய இந்தியனை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏசுவதாகப் பாடினார். பழைய பாட்டை அறிந்தோர்க்கு, நந்தன் பட்ட இழிவும் நாடு பட்ட இழிவும் ஒன்றே என்பதை அம்மெட்டே உணர்த்திற்று.

கடல் கடந்து குடியேறுவோர் நிலத்தை உடன் கொணர இயலாது; மெட்டைக் கொணரலாம். அதில் இத்தீவின் வாழ்வையும் ஏற்றிப் பாடுங்கள்.