போர்க்கப்பல் தந்த கிண்ணம்

வரலாறு என்பது அரசர்களின் போர்களையும் ஆளுநர்களின் ஆணைகளையும் மட்டும் கொண்டதன்று. மக்கள் திரண்ட திடல்களுக்கும் அவர்கள் கண்டு களித்த ஆட்டங்களுக்கும் அதில் இடமுண்டு. 1921ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் மலாயாக் கிண்ணக் காற்பந்துப் போட்டி அத்தகையதோர் ஏடாகும். அதனைப் புரட்டுவோர், ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவின் பெருமிதத்தையும் முரண்பாட்டையும் ஒருங்கே காணலாம்.

அக்கிண்ணத்தின் கதை கடலில் தொடங்குகிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் இணைந்த கூட்டு மலாய் மாநிலங்களின் அரசு, 1912ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை வழங்க முன்வந்தது. 'மலாயா' எனப் பெயர் பெற்ற அக்கப்பல் 1915இல் கடலில் இறக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நிகழ்ந்த ஜட்லாந்துக் கடற்போரில் அது எட்டு முறை குண்டடி பட்டும் மூழ்காமல் மீண்டது.

அக்கப்பலுக்கான பொருள் எங்கிருந்து வந்தது? ஈயமும் இரப்பரும் ஈட்டித் தந்த செல்வமே அந்நாளைய அரசின் வலிமை. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளரின் உழைப்பும், இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் அச்செல்வத்துக்கு அடிப்படையாயின. ஆயினும், கப்பலை வழங்க முடிவு செய்த கூட்டரசு மன்றத்தில் அன்று இந்தியர் ஒருவரும் இலர். எஸ்.என். வீராசாமி என்பார் முதல் இந்திய உறுப்பினராக அங்கு அமர்ந்தது 1928ஆம் ஆண்டில்தான்.

1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கன்னாட் கோமகனை இந்தியாவுக்கு ஏற்றிவந்த அக்கப்பல், பின்னர்த் தன் பெயருக்குரிய நாட்டையும் காண வந்தது. அந்நாளில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலும், போர்ட்டிக்சன், சிங்கப்பூர், பினாங்கு ஆகிய இடங்களிலும் அது நங்கூரமிட்டது. மாலுமிகள் உள்ளூர்க் குழுக்களுடன் காற்பந்து, ரக்பி, ஹாக்கி முதலிய ஆட்டங்களை ஆடி மகிழ்ந்தனர். சில திங்களுக்குப் பின் கப்பல் தலைவர் புல்லரிடமிருந்து அரசின் தலைமைச் செயலாளருக்கு ஒரு மடல் வந்தது. தமக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை வழங்க விரும்புவதாக அம்மடல் கூறிற்று. அரசு அதனை ஏற்றது. வடபகுதி, தென்பகுதி என இரு பிரிவுகளாகப் போட்டி வகுக்கப்பட்டது. 1884இல் தோன்றிய சிலாங்கூர் மன்றம் அதனை நடத்தும் பொறுப்பை மேற்கொண்டது.

மாநிலங்களுக்கிடையே இத்தகைய போட்டி இயல்வதற்குத் துணை நின்றது இருப்புப்பாதையே. 1909ஆம் ஆண்டிலேயே பிறை முதல் ஜொகூர் பாரு வரை தொடர்வண்டிப் பாதை இணைந்துவிட்டது. எனினும் சிங்கப்பூருக்குத் தரைப்பாலம் அன்று இல்லை. ஆட்டக்காரர் நீரைக் கடந்தே வரவேண்டும். பினாங்குக் குழுவினருக்கும் அதே நிலைதான். அப்பாதைகளை அமைத்தும் பேணியும் வந்தோரில் தமிழர் பெருந்தொகையினர். தொடர்வண்டி நிலையத்தை அடுத்த பிரிக்பீல்ட்சில் அத்துறையின் ஊழியர் குடியிருப்புகள் பெருகின. தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் அங்கே அண்டை வீட்டாராயினர்.

1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் கோலாலம்பூரில் முதல் ஆட்டம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 5,000 பேர் சூழ்ந்து நிற்க, சிலாங்கூர் 5-1 எனும் கோல் கணக்கில் பினாங்கை வென்றது. அக்டோபர் முதல் நாள் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் அது 2-1 எனத் தோற்றது. சொந்த மண்ணில் நேர்ந்த அத்தோல்வியைச் சிலாங்கூர் நெடுநாள் சுமக்கவில்லை; அடுத்த ஆண்டே கிண்ணத்தைக் கைப்பற்றியது.

திடலில் ஆரவாரம் எழுந்த அந்நாளில் தோட்டப்புறத்தின் நிலை என்ன? உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை சரிந்து வீழ்ந்திருந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922இன் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. கப்பலுக்கு வழிசெய்த உழைப்பாளி கப்பலேறி ஊர் திரும்பிய காலத்தில், கப்பலின் நன்றி வெள்ளிக் கிண்ணமாக மன்றத்தை வந்தடைந்தது. இம்முரண்பாடு எண்ணத்தக்கது.

ஆயினும் பந்து எவருக்கும் அடிமையன்று. ஆங்கிலப் பள்ளிகளின் திடல்களில் பல இனத்துச் சிறுவரும் அதனை உதைத்துப் பழகினர். அப்பள்ளிகளுள் ஒன்றான, 1893இல் நிறுவப்பெற்ற விக்டோரியா கல்விநிலையத்தைத் தோற்றுவித்தோருள் தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் போன்ற அமைப்புகள் தோன்றி நம் இளைஞருக்குத் தமக்கெனக் களம் அமைத்துத் தந்தன. இனவாரியாகப் பிரிந்து நின்ற சங்கங்களின் ஆட்டக்காரர், மாநிலத்துக்காக ஒரே சட்டை அணியும் நிலை படிப்படியாக உருவாயிற்று. பிற்காலத்தில் 'ஸ்பைடர்மேன்' எனப் புகழ்பெற்ற ஆறுமுகம் சிலாங்கூரின் கோல் காவலராக நின்றபோது, அவரை வாழ்த்திய குரல்கள் ஒரு மொழியில் மட்டும் எழவில்லை.

1967ஆம் ஆண்டில் மலாயாக் கிண்ணம் மலேசியக் கிண்ணமாயிற்று. அதனை 30 முறைக்கு மேல் வென்ற பெருமை சிலாங்கூருக்கு உரியது. சிலாங்கூர் மன்றத்தின் அப்பழைய திடலிலேதான் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. இன்று அது மெர்டேக்கா சதுக்கம். கிண்ணத்தைத் தந்தவர் ஆண்டவராக இருக்கலாம். அதற்கு உயிரூட்டியவர் ஆளப்பட்ட மக்களே.