பாரிசுப் பல்கலைக்கழகங்களின் வேந்தரகம்

பாரிசுப் பல்கலைக்கழகங்களின் வேந்தரகம் என்பது, பழைய பாரிசுப் பல்கலைக்கழகம் விட்டுச்சென்ற பாகம் பிரிக்கப்படாத சொத்துகளைப் பராமரிக்கும் பிரெஞ்சு அரசுப் பொது நிறுவனம் ஆகும். பாரிசுக் கல்வி மண்டலத்தின் ரெக்டரே இதன் வேந்தராகவும் விளங்குகிறார்.

பின்னணி

பாரிசுப் பல்கலைக்கழகம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. இராபர்ட் தெ சோர்பன் ஏழை மாணவருக்காக 13ஆம் நூற்றாண்டில் நிறுவிய கல்லூரியே சோர்போன் என்னும் பெயருக்கு மூலம். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், பல்கலைக்கழகம் ஒழிக்கப்பட்டது. 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது மீண்டும் உயிர்பெற்றது. அதன்பின் செல்வர் பலர் அதற்கு நூலகம், மாளிகை, நிலம், பணம் எனக் கொடைகள் வழங்கினர்.

1968 மே மாத மாணவர் எழுச்சியைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் கல்வியமைச்சர் எட்கார் ஃபோர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. அதன்படி பழைய பல்கலைக்கழகம் 13 தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது.

பிரிக்க முடியாத சொத்து

ஆசிரியர்களையும் துறைகளையும் பிரிக்க முடிந்தது. சொத்துகளை அவ்வாறு பிரிப்பது எளிதாக இல்லை. கையெழுத்துப் படிகள் நிறைந்த ஒரு நூலகத்தைப் பதின்மூன்று கூறாக்கினால் அது நூலகமாக இராது. கொடையாளிகள் வழங்கியதும் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான். அவர்கள் விதித்த நிபந்தனைகளை யாரேனும் ஒருவர் பொறுப்பேற்று நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்திடம் மட்டும் ஒப்படைத்தால் மற்றவை உரிமை இழக்கும். எனவே 1971இல் வேந்தரகம் உருவாக்கப்பட்டது.

முக்கியச் சொத்துகள்

* சோர்போன் கட்டடம்: இதன் உரிமையாளர் பாரிசு நகராட்சி. பல பல்கலைக்கழகங்களும் கல்வி நிறுவனங்களும் இங்கு இயங்குகின்றன. பொது இடங்களை வேந்தரகம் கவனிக்கிறது. இப்போதுள்ள கட்டடம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் நேனோ எழுப்பியது. 17ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தில் கர்தினால் ரிசலியேவின் கல்லறை உள்ளது.
* ழாக் தூசே இலக்கிய நூலகம்: புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் தூசே தம் உயிலின் வழியாக 1929இல் அளித்தது. பிரெஞ்சுக் கவிஞர் பலரின் கையெழுத்துப் படிகள் இங்குள்ளன.
* ஃபினாலி மாளிகை: இத்தாலியின் புளோரன்சு நகரில் உள்ளது. 1953இல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. கருத்தரங்குகளுக்குப் பயன்படுகிறது.
* ரிசலியே பூங்கா: கர்தினாலின் கோட்டை மாளிகை இருந்த இடம். மாளிகை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. பூங்கா 1930இல் கொடையாக வந்தது.

நிர்வாகமும் சிக்கலும்

சொத்துகளிலிருந்து கிடைக்கும் வருவாயும் கொடை நிதிகளும் பராமரிப்புக்கும் கல்விப் பணிக்கும் செலவாகின்றன. சிறந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு வேந்தரகம் ஆண்டுதோறும் பரிசு வழங்குகிறது.

பழைய மாளிகையும் பூங்காவும் வருவாய் தருவதைவிடச் செலவு மிகுதியாக வைக்கக்கூடியவை. அனைவருக்கும் பொதுவான கூரை ஒழுகினால், அது தன் பொறுப்பு என எவரும் முன்வராமற் போகலாம். அந்தப் பொறுப்பைத் தன் தலையில் ஏற்பதே இந்நிறுவனத்தின் முதன்மையான பயன்.

வாரிசுகளின் எண்ணிக்கையும் மாறிவருகிறது. பாரிசு 4, பாரிசு 6 ஆகியவை 2018இல் இணைந்து சோர்போன் பல்கலைக்கழகம் ஆயின. 2019இல் பாரிசு 5, பாரிசு 7 ஆகியவையும் ஒன்றாயின. பல்கலைக்கழகங்கள் பிரிந்தாலும் சேர்ந்தாலும், பொதுச்சொத்துகள் வேந்தரகத்தின் பொறுப்பிலேயே தொடர்கின்றன.