மாற்று ஏற்பாடு இருந்தால் மட்டும் போதுமா? மென்பொருள் மீள்திறன் பற்றி ஓர் அறிமுகம்

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலரால் கைப்பேசி வழியே பணம் செலுத்த முடியவில்லை. தானியக்க வங்கி இயந்திரங்களும் கைகொடுக்கவில்லை. சுமார் 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இரு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்குவினிக்ஸ் தரவு நிலையத்தில் திட்டமிட்ட மேம்பாட்டுப் பணியின்போது ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான சமிக்ஞையை அனுப்பினார். குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியதால் கணினிகள் செயலிழந்தன.

இரு வங்கிகளிடமும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. ஆனால், அவற்றுக்கு மாறும்போது டிபிஎஸ் வங்கியில் கட்டமைப்பு அமைவுப் பிழையும் சிட்டிபேங்கில் இணைப்புக் கோளாறும் தலைதூக்கின. மீள்திறன் என்ற சொல்லின் முழுப் பொருளும் இங்கேதான் இருக்கிறது. கோளாறே வராமல் தடுப்பது மட்டுமல்ல, வந்தபின் விரைவாக எழுந்து நிற்பதும் அதில் அடங்கும்.

*கட்டமைப்பில் செய்ய வேண்டியவை*

முதலாவது, ஒத்திகை. பயன்படுத்திப் பார்க்காத மாற்று ஏற்பாட்டை நம்ப முடியாது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் கணினிகளைத் தானே வேண்டுமென்றே முடக்கிப் பார்க்க ‘கேயாஸ் மங்கி’ என்ற மென்பொருளை உருவாக்கி, 2012ல் அதன் நிரலைப் பொதுவில் வெளியிட்டது. பொறியாளர்கள் பணியில் இருக்கும் நேரத்திலேயே குறைகள் தெரிந்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இரண்டாவது, சேதத்தை ஓரிடத்தில் நிறுத்துவது. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படுவதுபோல, பதிலளிக்காத சேவையிடம் மீண்டும் மீண்டும் கேட்பதை மென்பொருளும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால், எழ முயலும் கணினியை அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளே மீண்டும் சாய்த்துவிடும். மறுமுயற்சிகளுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போவதும் அவசியம்.

மூன்றாவது, மாற்றங்களைச் சிறிது சிறிதாக வெளியிடுவது. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணப் பதிவைக் கைப்பட மேற்கொண்டன. முதலில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் பாதிப்பு பெருமளவு குறைந்திருக்கும்.

*குழுவில் செய்ய வேண்டியவை*

கணினிக்கு மாற்று வைத்திருக்கும் குழு, மனிதர்களுக்கும் மாற்று வைத்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை, அவர் விடுப்பில் இருக்கும் நாளில் ஆபத்தாகிவிடும். செய்முறைகளை எழுதி வைப்பதும், இரவு நேர அழைப்புப் பணியை முறைவைத்துப் பகிர்வதும், நெருக்கடியில் முடிவெடுப்பவர் யார் என்பதை முன்பே தீர்மானிப்பதும் அடிப்படை. தூக்கமில்லாத பொறியாளரின் கையில் சிறு கோளாறும் பெரிதாகலாம்.

கோளாறுக்குப் பிந்திய ஆய்வு, பழி சுமத்தாத ஆய்வாக இருக்க வேண்டும் என்று மென்பொருள் துறையில் வலியுறுத்தப்படுகிறது. “யார் செய்தது?” என்று கேட்டால் ஊழியர்கள் மறைப்பார்கள். “ஒரே ஒரு தவறான சமிக்ஞை இவ்வளவு தூரம் செல்ல எது இடம்கொடுத்தது?” என்று கேட்டால்தான் உண்மையான ஓட்டை தெரியவரும்.

அதற்காக யாருமே பொறுப்பேற்க வேண்டாம் என்பதில்லை. சிங்கப்பூர் நாணய ஆணைய விதியின்படி, வங்கிகளின் முக்கியக் கட்டமைப்புகள் எதிர்பாராமல் முடங்கும் மொத்த நேரம் எந்த 12 மாத காலத்திலும் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 2023ல் தொடர்ந்து நேர்ந்த தடங்கல்களை அடுத்து, அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதங்களுக்கு நிறுத்தி வைக்குமாறு டிபிஎஸ் வங்கிக்கு ஆணையம் உத்தரவிட்டது. வங்கி மீள்திறனுக்கென 80 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. அப்போதைய தலைமை நிர்வாகி பியூஷ் குப்தாவின் 2023ஆம் ஆண்டுக்கான மாறுபடும் ஊதியம் 30 விழுக்காடு குறைக்கப்பட்டது.

ஒத்திகைக்கு நேரமும் மாற்று ஏற்பாட்டுக்குப் பணமும் ஒதுக்கும் அதிகாரம் தலைமையிடமே இருக்கிறது. எனவே, பொறுப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.