மினிட்மென் (இசைக்குழு)

மினிட்மென் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவில் 1980 இல் தொடங்கப்பட்ட பங்க் ராக் இசைக்குழு ஆகும். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கிய இக்குழு, பங்க் இசையுடன் ஃபங்க், ஜாஸ், நாட்டார் இசை ஆகியவற்றைக் கலந்து சோதனை முயற்சிகளை மேற்கொண்டது. டி. பூன் (கிதார், குரல்), மைக் வாட் (பேஸ் கிதார்), ஜார்ஜ் ஹர்லி (டிரம்ஸ்) ஆகியோர் இதன் உறுப்பினர்கள் ஆவர்.

தொடக்கம்

உழைக்கும் வர்க்கக் குடும்பங்களைச் சேர்ந்த பூனும் வாட்டும் சிறுவயது நண்பர்கள். வாட்டை பேஸ் கிதார் வாசிக்கத் தூண்டியவர் பூனின் தாயார். 'ரியாக்சனரீஸ்' என்ற முந்தைய குழு கலைந்த பின்னர் மினிட்மென் உருவானது. முதல் வெளியீடான 'பாரனாய்ட் டைம்' (1980) எஸ்.எஸ்.டி. ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் இரண்டாவது இசைத்தட்டாகும். அதிலுள்ள 7 பாடல்களும் சேர்ந்து 7 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

இசைப் பாணி

இங்கிலாந்தின் வயர் குழுவைப் பின்பற்றி, பல்லவியைத் திரும்பப் பாடாத மிகக் குறுகிய பாடல்களை இவர்கள் அமைத்தனர். மூன்று கருவிகளும் சம இடம் பெறவேண்டும் என்பது இவர்களது கொள்கை. எனவே பூன் தமது கிதாரின் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, பேஸ் கிதார் தெளிவாகக் கேட்க வழிவிட்டார். போர், தொழிலாளர் வாழ்வு, மத்திய அமெரிக்காவில் அமெரிக்கத் தலையீடு ஆகியன பாடுபொருள்களாயின.

சிக்கன முறை

சிக்கனத்தைக் குறிக்க இவர்கள் 'எகானோ' என்ற சொல்லை வழங்கினர். கட்டணம் குறைவான நள்ளிரவு நேரத்தில், ஏற்கெனவே பயன்படுத்திய ஒலிநாடாக்களில் பதிவு செய்தனர். பயணங்களில் கருவிகளைத் தாமே சுமந்தனர். இதனால் விற்பனையை எதிர்பார்த்து இசையை மாற்றவேண்டிய தேவை இவர்களுக்கு ஏற்படவில்லை.

டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்

ஹஸ்கர் டூ குழு இரட்டை இசைத்தட்டு ஒன்றை உருவாக்கியதை அறிந்து, இவர்களும் 40க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டை 1984 இல் வெளியிட்டனர். 'டபுள் நிக்கல்ஸ்' என்பது மணிக்கு 55 மைல் வேக வரம்பைக் குறிக்கும் லாரி ஓட்டுநர்களின் வழக்குச்சொல். மூவரும் ஆளுக்கொரு பக்கத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தனர். எஞ்சியவை நான்காம் பக்கத்தில் இடம்பெற்றன. இதுவே இக்குழுவின் தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகின்றது.

முடிவு

1985 திசம்பரில் ஆர்.இ.எம். குழுவின் இசைப்பயணத்தில் மினிட்மென் தொடக்கக் குழுவாகப் பங்கேற்றது. அதே மாதம் 22 ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில் நிகழ்ந்த வாகன விபத்தில் பூன் தமது 27 ஆவது வயதில் உயிரிழந்தார். அத்துடன் குழு கலைந்தது. இசையைக் கைவிட எண்ணியிருந்த வாட்டை, ஒகையோ மாநிலத்து இரசிகரான எட் கிராஃபர்ட் தேடிவந்து மீண்டும் வாசிக்கச் செய்தார். இவர்களுடன் ஹர்லியும் இணைந்து நடத்திய ஃபயர்ஹோஸ் குழு 1986 முதல் 1994 வரை இயங்கியது.

மினிட்மென் குழுவின் வரலாற்றைக் கூறும் 'வீ ஜாம் எகானோ' என்ற ஆவணப்படம் 2005 இல் வெளிவந்தது.

முதன்மை இசைத்தொகுப்புகள்

- தி பஞ்ச் லைன் (1981)
- வாட் மேக்ஸ் எ மேன் ஸ்டார்ட் ஃபயர்ஸ்? (1983)
- டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம் (1984)
- 3-வே டை (ஃபார் லாஸ்ட்) (1985)