காலனுக்கு எத்தனை மைல்?

கார் வைத்திருக்கிறவரிடம் நம் பக்கத்தில் யாரும், "என்ன விலை?" என்று முதலில் கேட்பதில்லை. விலை கேட்பது மரியாதைக் குறைவு. "என்ன கொடுக்கிறது?" என்றுதான் கேட்பார்கள், மாட்டைப் பார்த்து, "எத்தனை படி கறக்கும்?" என்று கேட்பதைப் போல. கேட்கிறவர் மைலேஜைத்தான் கேட்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். பதில் சொல்கிறவர் இரண்டு மைல் கூட்டித்தான் சொல்லுவார் என்பதும் இருவருக்கும் தெரியும். மாட்டின் விஷயத்திலும் அப்படியே.

அந்த இரண்டு மைலின் சரித்திரத்தை எழுதலாம் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. மோட்டார் கம்பெனிகளின் சரித்திரத்தை எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் விளம்பரத்தில் ஓடுகிற கார் வேறு. விருத்தாசலத்திலிருந்து தெற்கே வந்து, கருவேப்பிலங்குறிச்சிக் கடைத்தெருவில் கரும்பு வண்டிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிற கார் வேறு. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது காரைப் பற்றி.

பெட்ரோலின் அருமையை நம் ஜனங்களுக்கு முதன் முதலாக உணர்த்தியது இரண்டாவது உலக யுத்தம். 1941-ல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அதோடு மலாய் ரப்பரும் போய், டயர் அகப்படாத பொருளாயிற்று. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. அங்கே சிரியம் என்ற இடத்திலிருந்த பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்களே நாசம் செய்துவிட்டுப் புறப்பட்டார்கள். பர்மாவில் வாழ்ந்த தமிழர்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்டு வழியாகவும் மலை வழியாகவும் கால்நடையாய் ஊர் திரும்பிக் கொண்டிருந்த அதே மாதங்களில், பர்மா எண்ணெயின் வரத்தும் நின்றது.

அப்போது பிறந்ததுதான் கரி பஸ். பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, போதிய காற்று விடாமல் எரிக்க வேண்டும். காற்று போதாமல் எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். மூடிய கொட்டகையில் அதைச் சுவாசித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான். அதே வாயுவைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, இஞ்சினுக்குள் இழுத்துக்கொண்டால் அது பெட்ரோலின் வேலையைச் செய்யும். முழு வேலையும் அல்ல, ஏறக்குறையப் பாதி வேலை. காற்றில் இருக்கிற நைட்ரஜனும் கூடவே வந்து வாயுவின் வீரியத்தைக் குறைத்துவிடுவதால் அப்படி. காலையில் வண்டி கிளம்புவதற்குக் கால் மணி முன்னதாகவே கிளீனர்ப் பையன் துருத்தியைச் சுற்றித் தீயை மூட்ட வேண்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் வேண்டுமா என்று அக்காலத்தில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தென்னாட்டில் பஸ் போக்குவரத்தை வளர்த்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் இந்தக் கரிவாயு யந்திரத்தைத் தாமே தயாரித்து விற்றார். 'டி. வி. எஸ். காஸ் பிளாண்ட்' என்று அதற்குப் பெயர். இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. ஜெர்மனியில் யுத்தம் முடிகிற சமயத்தில் விறகு வாயுவில் ஓடிய வண்டிகள் சுமார் ஐந்து லட்சம் என்று கணக்கு.

ஒரு காலன் பெட்ரோல் செய்கிற வேலையைச் செய்யப் பதினான்கு ராத்தல் கரி பிடிக்கும். என் பார்வையில், கரி பஸ்ஸின் முக்கியமான சங்கதி இதுதான். பெட்ரோல் டாங்கிக்குள் போனால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. எவ்வளவு போயிற்று, எங்கே போயிற்று என்பதற்கு டிரைவரின் வாக்குதான் சாட்சி. கரியையோ தராசில் நிறுக்கலாம். காலையில் ஏற்றின மூட்டை எத்தனை, இரவில் மிஞ்சினது எத்தனை என்று முதலாளி திண்ணையில் உட்கார்ந்தபடியே கணக்குப் பார்த்துவிடுவார். பிரேக் கட்டை உரசுகிறதா, டயரில் காற்றுக் குறைவா, சக்கரத்துக்குக் கிரீஸ் போடவில்லையா, எல்லாம் கரி மூட்டையில் தெரிந்துவிடும். சுந்தரம் அய்யங்காரின் பஸ்களுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை விட்டு, ரஸ்தாவில் உதிர்ந்து கிடக்கும் மாட்டு லாட ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். டயர் பஞ்சத்தை நினைத்தால் நம்பக்கூடிய கதைதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெட்ரோல் வந்தது, கார் போயிற்று. 1953-ல் சுங்கத் தீர்வைக் கமிஷன் கூறிய யோசனையைச் சர்க்கார் ஏற்று, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்கிற கம்பெனிகள் இனி வேண்டாம், இங்கேயே செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று தீர்மானித்தது. அமெரிக்கக் கம்பெனிகள் கடையைக் கட்டின. மத்தியதர வர்க்கத்துக்கு மிஞ்சியவை மூன்று: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் செய்த அம்பாஸடர், பம்பாயில் செய்த பியட், நம் சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு. அதிலும் பியட்டுக்குப் பணம் கட்டினவர்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். பெண் பிறந்தபோது பதிவு செய்தால் அவள் பள்ளிக்கூடம் போகும்போது கார் வரும் என்று வேடிக்கை பேசுவது உண்டு.

புதுக் கார் கிடைக்காத நாட்டில் பழைய காருக்குச் சாக அனுமதி கிடையாது. இருபது வருஷத்து வண்டியையும் கழற்றித் துடைத்துப் பூட்டி ஓட்டியாக வேண்டும். அறுபதுகளில் பாடியில் எழுந்த தொழிற்சாலைகளுக்கும், ஒவ்வொரு தாலுகா ஊரிலும் புளியமரத்தடியில் எழுந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இந்தக் கட்டாயத்தில் பங்கு உண்டு.

அம்பாஸடர் ஒரு டன்னுக்கு மேல் கனம். 1959-ல் அதற்கு 1489 சி.சி. இஞ்சின் வந்தது. சொந்தக்காரர்கள் காலனுக்கு முப்பது என்பார்கள். ஊருக்குள் ஓடினால் இருபத்தைந்து, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் இருபத்தெட்டு என்பதுதான் வாஸ்தவம். 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து, படிப்படியாகக் காலன் போய் லிட்டர் வந்தது. இருபத்தெட்டு என்று மார்தட்டினவர்கள் ஒரு நாள் விழித்துப் பார்த்தால் அது லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஆகியிருந்தது! கணக்கு ஒன்றேதான். ஆனாலும் பத்து என்று வாயால் சொல்ல எத்தனை கூச்சம்!

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் அம்பாஸடருக்கென்றே பேர்பெற்ற மேஸ்திரி ஒருவரை எனக்குத் தெரியும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று யார் போனாலும் அவர் மைல் மீட்டரைப் பார்க்க மாட்டார். நேரே பிளக்கைக் கழற்றுவார். அதன் மூக்கிலிருக்கும் பீங்கானை வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

"கறுப்பா இருந்தா கொழுப்பு, ஐயா. வெள்ளையா இருந்தா பட்டினி. காப்பித்தூள் நிறத்துல இருந்தா ஆரோக்கியம்" என்பார்.

கொழுப்பு என்றால் பெட்ரோல் மிஞ்சி எரியாமல் கரி படிகிறது. பட்டினி என்றால் காற்று மிஞ்சி இஞ்சின் அளவுக்கு மேல் சுடுகிறது. விருத்தாசலத்துக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணைக் கொண்டுவந்து பொம்மையும் பியூஸ் கட்டையும் சுடுகிற ஊர் அது. சூளையில் காற்றுக் குறைந்தால் என்ன நிறம், மிஞ்சினால் என்ன நிறம் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். மேஸ்திரியின் தகப்பனார் சூளை வேலை பார்த்தவர் என்று பின்னால் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் மூன்று டாலராக இருந்தது, ஜனவரிக்குள் பன்னிரண்டை நெருங்கிற்று. நவம்பரில் வாஜ்பாயி மாட்டு வண்டியில் பார்லிமெண்டுக்குப் போனார். நம் பக்கத்து டாக்டர்களும் வக்கீல்களும் மாட்டு வண்டி ஏறவில்லை. பெட்ரோல் இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு டீசல் இஞ்சினை மாட்டிக்கொண்டார்கள். சத்தத்தில் உள்ளே பேச முடியாது. குடும்பத்தில் அதனால் சமாதானம் நிலவியது என்று சிலர் சொன்னார்கள். பிற்பாடு கம்பெனியே டீசல் அம்பாஸடரைச் செய்து விற்றது. 1983-ல் மாருதி வந்து, பழைய கணக்குகளை எல்லாம் ஒரே வீச்சில் மாற்றியது. அது அனைவருக்கும் தெரிந்த கதை. 2014 மே மாதத்தில் உத்தரபாரா ஆலை மூடப்பட்டது.

ஆலை மூடினாலும் கார்கள் மூடவில்லை. அவற்றுக்கு வந்த சோதனைகள் வேறு தினுசு. 2000 பிப்ரவரியில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். குழந்தைகளின் மூளைக்கு நல்லது, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஈயந்தான் பழைய இஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தையாக இருந்தது. மெத்தை போனதும் வால்வு மெள்ள மெள்ள உள்ளே புதைந்து, இறுக்கம் குறைந்து, மைலேஜும் புதைந்தது. கடினமான உலோக வளையம் வைத்துத் தைத்தார்கள். பதினைந்து வருஷம் தாண்டின காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று; இருபது வருஷம் தாண்டினதற்கு 2025-ல் 10,000 ஆயிற்று.

2025-ல் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலப்பது நாடெங்கும் வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் வருகிற சாராயந்தான் அது. முன்பு காருக்கு வழி விடாத கரும்பு, இப்போது காருக்குள்ளேயே ஏறிக்கொண்டது! விவசாயிக்குக் கொஞ்சம் காசு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம். நல்ல காரியம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு லிட்டர் எதனாலில் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. ஆகவே நூற்றுக்கு ஆறு, ஏழு வீதம் மைலேஜ் குறையும். ஒன்பது கிலோமீட்டர் கொடுத்த அம்பாஸடர் எட்டரைக்குக் கீழே இறங்கும். புதுக் கார்களில் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த கிழட்டு வண்டிக்கு அது கிடையாது. எதனால் தன்னோடு பிராணவாயுவையும் கொண்டு வருவதால் இஞ்சின் பட்டினி கிடக்கிறது; பழைய ரப்பர்க் குழாய்களும் ஊறிப் புடைத்துக்கொள்கின்றன.

மேஸ்திரியிடம் இப்போது வருகிற பிளக்குகள் பெரும்பாலும் வெளுத்துத்தான் வருகின்றனவாம். குழாய்களை எதனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டு, கார்புரேட்டரின் அடியிலிருக்கும் ஜெட் நட்டை அரைப் பட்டை கீழே இறக்குகிறார். பிறகு பத்து மைல் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, மறுபடியும் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடிக்கிறார்.