தாய்ப்பாலும் வாணிபமும்

பால் போதாதோ என்ற தாயின் அச்சம் பழையது. அதனையே முதலாக்கி இலாபம் ஈட்டியது இருபதாம் நூற்றாண்டின் வாணிபம். அச்சரித்திரத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1939-ஆம் ஆண்டிலே சிசிலி வில்லியம்ஸ் என்னும் குழந்தை வைத்தியர், சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலை விடுத்து இனிப்பூட்டிய ரின்பாலைப் புகட்டத் தூண்டும் பிரசாரத்தால் நேரும் சிசு மரணங்களைக் கொலையென்றே கருதவேண்டும் என்றார். 1974-இல் இங்கிலாந்திலே வெளிவந்த ஒரு சிறுநூல், தாதியர் உடையில் பால்மா விற்ற பெண்களைப் பற்றி உலகறியச் செய்தது. 1981-இல் உலகச் சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையை நெறிப்படுத்தும் கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே.

அச்சம் எவ்வாறு காசாயிற்று? பிரசவித்த முதல் நாட்களில் ஊறுவது சிறிதளவு கடும்புப்பாலே. சிசுவின் சிறு வயிற்றுக்கு அது பொதுவாகப் போதும். சில நாட்களிற் பால் பெருகும். குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பால் குடிப்பது இயல்பு, பற்றாக்குறையின் அடையாளமன்று. உறிஞ்ச உறிஞ்சப் பால் ஊறும். போத்தல் புகுந்தால் உறிஞ்சுதல் குறையும், பாலும் குறையும். இலவசமாகக் கொடுத்த முதல் ரின்னே அடுத்த ரின்னை விலைக்கு வாங்கச் செய்தது இவ்வாறுதான்.

மெய்யாகவே குறைவுண்டா என்பதைக் குழந்தையின் நிறையை அளந்து வைத்தியர் சொல்லட்டும். விற்பனையாளன் சொல்ல வேண்டாம். தாய்க்கு உபதேசம் மாத்திரம் போதாது. சம்பளத்துடன் விடுமுறையும், ஓய்வும், அருகிருந்து துணைசெய்யும் மருத்துவமாதுவும் அவளது உரிமைகள். அவற்றை வென்றெடுப்பது நம் எல்லோரதும் கடமையாகும்.